சிவப்பு ஸ்வெட்டருக்குள் டெக்ஸாஸ் அங்கிள்

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கூச்சல். அந்த இரண்டு ஃபுட்பால் டீமும் மறுபடி ப்ளே-ஆஃப்பில் மோதப் போகின்றன என்று தெரிந்ததும் கலிஃபோர்னியா பே ஏரியாவில் வளர்ந்தவர்கள் சிவப்புக் கொடியும் டெக்ஸாஸில் வளர்ந்தவர்கள் நீல நட்சத்திரமுமாக அனுப்பித் தள்ளினீர்கள். நடுவில் ஒருத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ ரெண்டு ஊர்லயும் இருந்தவனாச்சே, எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டார்.

பாவம், அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கராஜுக்குள் போய் ஒளிந்துகொண்டேன். கால் மணி நேரம் கழித்து மனைவி வந்து என்ன தேடுகிறீர்கள் என்றாள். வாசல் பனி உருகத் தூவுகிற உப்பு என்றேன். உப்பு மூட்டை மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

வயசு நாற்பத்தி நாலு. நியூஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் வீடு, கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை, முதுகுக்கு ஒரு தலையணை, எனக்குக் கீழே வேலை பார்க்கப் பதினோரு பேர். மீட்டிங்கில் எவனாவது மடக்கினால் ஒரு ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன். "எந்த டீம்?" என்று கேட்டால் மட்டும் பத்து வயசுப் பையனின் வேர்வை வருகிறது. ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என் செட். வீட்டில் தமிழைக் காதில் வாங்கி இங்கிலீஷில் பதில் சொன்ன கும்பல். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

நான் பிறந்தது டெக்ஸாஸ். அப்பாவும் அவருடைய காலேஜ் ஹாஸ்டல் ரூம்மேட்டும் ஒரே அபார்ட்மென்டில், மாடிப்படிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். அவர்தான் டெக்ஸாஸ் அங்கிள். அப்போது அவர் வெறும் அங்கிள். நாங்கள் கலிஃபோர்னியா போன பிறகுதான் முன்னால் ஊர் ஒட்டிக்கொண்டது.

அங்கிளுக்கு அந்த ஊரின், பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் டீம் மேல் இருந்தது ரசனை இல்லை, விசுவாசம். அவர் அமெரிக்கா வந்த முதல் மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃப்ரீவே ஓரத்தில் கார் நின்றுபோனதாம். யாரோ ஒரு குடும்பம் அவரை ஏற்றிக்கொண்டு, மேட்ச்சுக்கு நேரமாகிவிட்டது என்று நேராகத் தங்கள் வீட்டுக்கே கூட்டிப் போய், டிவி முன்னால் உட்கார வைத்து, கையில் ஒரு கிண்ணம் பீன்ஸைக் கொடுத்ததாம். அதில் கிடந்த கறித்துண்டுகளை ஓரம் கட்டிவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார். "அவங்க பேர்கூட மறந்துபோச்சுடா. ஆனா அன்னைக்கு அவங்க யாருக்காகக் கத்தினாங்களோ, அவங்களுக்காக நான் கடைசி வரைக்கும் கத்துவேன்" என்பார்.

அவர் இந்த நாட்டில் கால் வைப்பதற்கு முன்னாலேயே நடந்த ஒரு மேட்ச் உண்டு. பே ஏரியா டீம்காரன் ஒருத்தன் மைதானத்தின் மூலையில் எம்பி ஒரு பந்தைப் பிடித்தான். டெக்ஸாஸின் சீசன் அதோடு முடிந்தது. பிறகு இரண்டு டீமும் எப்போது சந்தித்தாலும் டிவியில் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டுவார்கள். உடனே அங்கிள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். தான் பார்க்கவே பார்க்காத தோல்விக்கு அந்த மனுஷன் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்!

எனக்கு எட்டு வயசாகும்போது நாங்கள் பே ஏரியா பக்கம் லிவர்மோருக்கு வந்தோம். டிரைவிங் லைசென்ஸை மாற்றின கையோடு அப்பா டீமையும் மாற்றிவிட்டார். அவர் பக்கத்து நியாயம் எளிமையானது. திங்கட்கிழமை காலை ஆபீஸில் காபி மெஷினைச் சுற்றி நின்று எல்லோரும் நேற்றைய மேட்ச்சைப் பேசுவார்கள். பேசத் தெரியாதவன் மேனேஜர் கண்ணில் படமாட்டான். அதனால் அப்பா ஒரு மஞ்சள் நோட்டில் குறிப்பு எடுத்துக்கொண்டே மேட்ச் பார்ப்பார். சாயங்காலம் என்னைக் கேள்வி கேட்கச் சொல்லுவார், நான் அவரிடம் ஸ்பெல்லிங் ஒப்பிக்கிற மாதிரி அவர் என்னிடம் ஒப்பிப்பார்.

"எத்தனை டச்டவுன்?" என்று நான் கேட்டுவிட்டு, அவர் யோசிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், "த்ரீ, டாட்" என்பேன்.

"நான்தான்டா சொல்லணும்! நீ எதுக்குச் சொல்ற?"

அப்பா டீம் மாற்றின விஷயம் தெரிந்து அங்கிள் போனில் கத்தினது சமையலறை வரைக்கும் கேட்டது. "வீட்டை மாத்து. வேலையை மாத்து. வாயில நுழையலன்னு பேரைக்கூடப் பாதியா வெட்டிக்கோ. டீமை மாத்துவானாடா ஒருத்தன்?"

"மச்சான், இது வெறும் கேம்" என்றார் அப்பா.

எனக்கு அன்றைக்கு அப்பாவைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நான் மாறவில்லை. ஆனால் அதைச் சொல்ல தைரியமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சிவப்புச் சட்டை, மனசுக்குள் நீல நட்சத்திரம். அந்த வயசிலேயே நான் நல்ல கோழை.

அந்த ஜனவரியில் மழை நிற்கவே இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்றெல்லாம் பச்சைப்பசேல் என்று, மேலே வரிசையாகக் காற்றாலைகள். பொங்கலுக்கு அங்கிள் வருகிறார் என்றார்கள். வந்தார். ஆன்ட்டியும் அவர்கள் பெண் பாப்பாவும் வரவில்லை. ஒரு சூட்கேஸ், தோளில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கோட். பொங்கலுக்குக் கோட் எதற்கு என்று எனக்கே தோன்றியது.

அம்மா என்னை லாண்டிரி மெஷின் பக்கம் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள். "அங்கிளுக்கு வேலை போயிடுச்சு. வேலை போனா விசாவும் போச்சு. உடனே வேற கம்பெனி எடுத்துக்கலன்னா அங்கிள், ஆன்ட்டி, பாப்பா மூணு பேரும் இந்தியாவுக்குத் திரும்பணும். அப்பா அவர் ஆபீஸ்ல ட்ரை பண்றார். நீ எதையும் உளறி வெக்காதே."

இப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு உளற எதுவும் இருந்திருக்காது. இதை அம்மா உயிரோடு இருக்கும்வரை அவளிடம் ஜோக்காகக்கூடச் சொல்லவில்லை.

அப்பாவின் திட்டம் இது. அவர் டிபார்ட்மென்டில் ஓர் இடம் காலி. முடிவெடுக்கிறவர் மேனேஜர். மேனேஜர் பக்கத்து ஊர், பிறந்ததிலிருந்து பே ஏரியா டீம் வெறியர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த டீமுக்கும் டெக்ஸாஸுக்கும் மேட்ச். ஜெயித்தவன் ஃபைனலுக்கு, தோற்றவன் வீட்டுக்கு. மேனேஜரை மேட்ச் பார்க்க வீட்டுக்குக் கூப்பிட்டாகிவிட்டது. "ஒரு மணி நேர இன்டர்வியூல என்ன தெரியும்? மூணு மணி நேரம் ஒரே சோஃபால உட்கார வெச்சா ஆளைப் பிடிச்சுப்போயிடும்" என்றார் அப்பா. ஒரே ஒரு நிபந்தனைதான். அன்றைக்கு மட்டும் அங்கிள் பே ஏரியா கட்சி.

சமையலறை மேஜையில் இதைக் கேட்ட அங்கிள் முறுக்கை வாயில் வைத்தபடியே நிறுத்திவிட்டார்.

"எதுக்குடா? அவர் அந்த டீம், நான் இந்த டீம்னு சொல்லிட்டுப் போறேன். வெட்டிக்கிட்டா சாகப் போறோம்?"

"நீ வேலைக்கு வந்து நிக்கற மச்சான். அவர் மூஞ்சிக்கு நேரா அவர் டீமுக்கு எதிரா உட்காருவியா? நம்ம ஊர்ல எம்.டி. வீட்டுக்கு வந்தா இப்படிப் பண்ணுவியா?"

"நம்ம ஊர்ல எம்.டி. வீட்டுக்கே வரமாட்டாரேடா."

"விளையாடாதே. ஒரே ஒரு மத்தியானம். அப்புறம் ஆயுசு முழுக்க உன் நட்சத்திரத்தைக் கட்டிக்கிட்டு அழு."

அங்கிள் அம்மாவைப் பார்த்தார், காப்பாற்றுவாள் என்று. அம்மா, "பாப்பாவை நினைச்சுப் பாருங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான். முறுக்கு உடைகிற சத்தம் கேட்டது.

சனிக்கிழமை காலை கோயிலுக்குப் போய் அங்கிள் பேரில் ஓர் அர்ச்சனை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது நான் என் பங்குக்கு, டெக்ஸாஸ் ஜெயிக்கணும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. டெக்ஸாஸ் ஜெயித்தால் மேனேஜருக்குக் கோபம் வரும், வேலை கிடைக்காது. அவசரமாக வேண்டுதலை வாபஸ் வாங்கினேன். அப்புறம், வாபஸ் வாங்கினதில் அர்ச்சனையும் சேர்ந்து போயிருந்தால்? திரும்ப மொத்தத்தையும் முதலிலிருந்து வேண்டினேன். பிரகாரத்தில் மூன்று சுற்றும் இதே கணக்கு. பிரசாதப் புளியோதரை இறங்கவில்லை. பத்து வயசில் எனக்கு அசிடிட்டி வந்தது அப்படித்தான்.

மத்தியானம் ஒத்திகை. அப்பாவின் பழைய சிவப்பு ஸ்வெட்டரை அங்கிளுக்கு மாட்டினார்கள். அப்பா ஒல்லி. ஸ்வெட்டர் அங்கிளின் தொப்புளை மறைத்ததோடு நின்றுவிட்டது. அவர் கையைத் தூக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டாள்.

"டெக்ஸாஸ் ஸ்கோர் பண்ணா என்ன சொல்லணும்?"

"சே."

"சே இல்லடா. 'ஓ மேன்!'"

"ஓ மேன்."

"இன்னும் வருத்தமா."

"டேய், இதுக்கு மேல வருத்தப்பட்டா நிஜமாவே அழுதுடுவேன்டா."

எல்லோரும் சிரித்தோம். அங்கிள்தான் அதிகமாகச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, ஸ்வெட்டரைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பாத்ரூம் கதவிடுக்கு வழியாக நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வந்தார். ஆறடிக்கு மேல், மீசை, கையில் ஒரு பெரிய சிப்ஸ் பை. வாசலில் செருப்பு வரிசையைப் பார்த்ததும் சொல்லாமலேயே ஷூவைக் கழற்றினார். சாக்ஸில் ஓட்டை, கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அதை மறைக்கக்கூட நினைக்கவில்லை. அம்மாவின் மெதுவடையைக் கடித்துப் பார்த்து, இனிப்பில்லாத டோனட்டை யார் கண்டுபிடித்தது என்று கேட்டு ஆறு சாப்பிட்டார்.

எங்கள் டிவி மரப்பெட்டிக்குள் இருக்கும். மேலே அம்மா சரிகை வைத்த துணி விரித்திருப்பாள். அதில் அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் சேறு. வாரக்கணக்கில் பெய்த மழையில் மைதானம் வயலாகிக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு டீமும் ஒரே நிறமாகிவிட்டன. அப்பா பாவம், எவன் எந்த டீம் என்று தெரியாமல் இரண்டு தடவை டெக்ஸாஸுக்குக் கை தட்டிவிட்டார். மேனேஜர் அவர் முதுகில் ஒரு அடி போட்டு, "உளவாளி!" என்றார். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. மேனேஜர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அங்கிள் பாடத்தைப் பிசகில்லாமல் ஒப்பித்தார். டெக்ஸாஸ் முன்னேறும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, "ஓ மேன்."

ஒரு தடவை மேனேஜர் அவர் பக்கம் திரும்பி, டெக்ஸாஸில் குடியிருந்துகொண்டு எங்கள் டீமை எப்படிப் பிடித்தது, அங்கே உன்னை உயிரோடு விட்டார்களா என்று கேட்டார். அப்பா எழுதிக் கொடுத்த பதிலை அங்கிள் சொன்னார்: "ஐ லைக் தி பாஸிங்." மேனேஜர் தலையை ஆட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் ஒரு மணி நேரம் அங்கிளிடம் அவர் ஒன்றுமே பேசவில்லை. நல்ல அறிகுறி என்று அப்பா கண்ணாலேயே சொன்னார். இப்போது யோசித்தால் தெரிகிறது: மேனேஜருக்குப் போரடித்தது. பழைய பகையை வைத்துச் சீண்டிப் பார்க்க அந்த அறையில் ஒரு ஆள்கூட இல்லை. எல்லோரும் அவர் கட்சி.

கடைசிக் கட்டத்தில் பே ஏரியா ஒரு டச்டவுன் போட்டு நெருங்கிவிட்டது. மேனேஜர் எழுந்து நின்றார். அப்பா எழுந்தார். அங்கிளும் எழுந்தார், கையைத் தூக்காமல். டெக்ஸாஸை இன்னும் கொஞ்சம் தடுத்தால் போதும், ஜெயித்துவிடலாம். அப்போதுதான் டெக்ஸாஸ்காரன் ஒருத்தன் ஒரு சின்ன பாஸை வாங்கினான். வாங்கினவன் நிற்கவில்லை. சேற்றில் எல்லோரும் வழுக்கிக்கொண்டிருக்க, அவன் மட்டும் தார் ரோட்டில் ஓடுகிற மாதிரி கிட்டத்தட்ட மைதானம் முழுக்க ஓடினான். மேட்ச் அதோடு முடிந்த மாதிரிதான்.

அங்கிள் தன் முஷ்டியை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். அவர் கடைசிவரை சமாளித்துவிட்டார் என்பதை நான் சொல்லியே ஆகவேண்டும். அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

நான்தான் பாய்ந்தேன். சோஃபாவிலிருந்து அங்கிளின் கழுத்தில். "வீ வன், அங்கிள்! வீ வன்!"

மேனேஜர் மெதுவாகத் திரும்பினார். "வீ?" என்றார்.

பயம் வந்தால் சிலருக்கு வாய் கட்டிப்போகும். எனக்குக் குழாய் திறந்துகொள்ளும். இங்கிலீஷில், மூச்சு விடாமல், எல்லாவற்றையும் கொட்டினேன். இல்லை இல்லை, அங்கிள் இன்றைக்கு டெக்ஸாஸ் இல்லை, நீங்கள் வேலை கொடுத்த பிறகுதான் மறுபடி டெக்ஸாஸ் ஆவார், அது அப்பாவின் ஸ்வெட்டர், அதனால்தான் கையைத் தூக்கக் கூடாது, 'ஓ மேன்' நேற்றுதான் கற்றுக்கொண்டார், அப்பாகூட நோட்டில் எழுதி வைத்துத்தான் படிப்பார், வேலை இல்லாவிட்டால் பாப்பா இந்தியாவுக்குப் போகவேண்டும், ஆனால் இதை நான் உளறக் கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தையும் சொன்னேன்.

மேனேஜர் அங்கிளைப் பார்த்தார். தூக்கின கையும் தெரிந்த தொப்புளுமாக அங்கிள் என்னைத் தாங்கிக்கொண்டு நின்றார். மேனேஜர் சிரிக்க ஆரம்பித்தார். சோஃபா கிரீச்சிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கிளின் நெஞ்சில் விரலால் குத்தி, "மண்டே. நைன் ஓ கிளாக். என் ரூமுக்கு வா. அந்த நட்சத்திரத்தை மாட்டிக்கொண்டு வா. எங்கள் டீம் குப்பை என்று என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு, பார்க்கலாம்" என்றார். இரண்டு வடையைப் பேப்பர் நாப்கினில் சுற்றிக்கொண்டு மழையில் போய்விட்டார்.

கதவு மூடியதும் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போச்சு. மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுன்னா என்ன அர்த்தம்? ஆபீஸுக்கு வரவெச்சு நாலு பேர் முன்னாடி கிழிக்கப் போறார்."

"சிரிச்சாரேடா" என்றார் அங்கிள்.

"அது சிரிப்பா? நம்ம பிரின்சிபால் சஸ்பெண்ட் பண்றதுக்கு முன்னாடி சிரிப்பாரே, மறந்துட்டியா?"

அங்கிள் மறக்கவில்லை. அவர் தலை குனிந்ததிலிருந்து தெரிந்தது.

"அண்ணா போய்த்தான் பார்க்கட்டுமே. கூப்பிட்டிருக்கார் இல்ல?" என்றாள் அம்மா.

"உனக்குத் தெரியாது. என் க்ரீன் கார்டு பேப்பர் அவர் டேபிள்ல இருக்கு. அதுல அவர் கையெழுத்துப் போடணும்."

எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் பள்ளிக்கூடத்து பேஸ்பால் கோச் அப்படித்தான் பேசுவார். பிடித்தவனைத்தான் நெஞ்சில் குத்துவார், திட்டுவார், வம்புக்கு இழுப்பார். பிடிக்காதவனிடம் மரியாதையாகப் பேசுவார். மேனேஜருக்கு அங்கிளை அந்த நிமிஷம்தான் பிடித்தது. "டாட், ஹி வாஸ் ஜஸ்ட்" என்று ஆரம்பித்தேன்.

அப்பா அறைந்தார். அதற்கு முன்னால் அவர் என்னைத் தொட்டதில்லை. "இனிமே ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை பேசிப் பாரு" என்றார்.

நான் பேசவில்லை. அரை மணி நேரம் அவர்கள் அதே இடத்தில் உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று விவாதித்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன். இன்னொரு அறை விழுந்திருக்கும், அவ்வளவுதான். கன்னம் அதற்குள் ஆறியே போய்விட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமைக்கு எடுத்திருந்த டிக்கெட்டைப் போன் பண்ணித் திங்கட்கிழமை காலைக்கு மாற்றினார் அப்பா. "நீ எதிர்ல இல்லாம இருந்தா நான் பேசிச் சமாதானம் பண்றது ஈஸி" என்றார். அங்கிள் சரி என்றார். ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து, சோஃபாக் கையில் வைத்தார்.

விடியற்காலை ஏர்போர்ட் வாசலில் அங்கிள் குனிந்து என் காதில், "ஜெயிச்சுட்டோம்டா" என்றார். என்னை உற்சாகப்படுத்தத்தான் சொன்னார். அதற்கு நான் சிரித்திருக்கலாம். நம் குழுவில் நாலு பேர் சிரிக்க நாற்பது மீம் அனுப்புகிறவன், அன்றைக்கு ஒரு சிரிப்பைக் கொடுக்க முடியாமல் காருக்குள் ஏறிக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா கொஞ்சம் தெளிவான முகத்தோடு வந்தார். சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்.

"ஒன்பதே காலுக்கு என் இடத்துக்கே வந்துட்டார். எங்கே உன் ஃப்ரெண்டுன்னார். கையில ரெண்டு காபி. ஊருக்குப் போயிட்டான்னேன். ஏன்னார். அவன் கொஞ்சம் அப்படித்தான், நம்பிக்கையான ஆள் இல்ல, டிராமா போடுவான்னு எனக்கே நேத்துதான் தெரிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன பண்ணச் சொல்ற? என்னையும் சேர்த்துச் சந்தேகப்பட்டா? 'ஓ'ன்னார். அவ்வளவுதான். ஒரு காபியை சிங்க்ல ஊத்திட்டுப் போயிட்டார். என் மேல கோவமெல்லாம் இல்ல. தப்பிச்சோம்."

"ரெண்டு காபி எதுக்குங்க கொண்டு வந்தார்?" என்று கேட்டாள் அம்மா.

அப்பா ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அது கஞ்சியாகி விரலிடுக்கில் வழிகிற வரைக்கும் பிசைந்தார். சாப்பிடவில்லை.

அடுத்த மாசம் அங்கிள், ஆன்ட்டி, பாப்பா மூன்று பேரும் சேலம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஒரு சின்னக் கம்பெனியில் பம்ப் செட்டுக்கு வரைபடம் போடுகிற வேலை. எங்களுக்கு க்ரீன் கார்டு வந்தது. அடுத்த இரண்டு ஜனவரியும் அதே இரண்டு டீம் மோதின. ஒரு தடவை டெக்ஸாஸ், ஒரு தடவை பே ஏரியா. எங்கள் வீட்டில் டிவி போடவில்லை.

உப்பு மூட்டையிலிருந்து எழுந்த மறுநாள், சனிக்கிழமை, அங்கிளுக்குப் போன் பண்ணினேன். கராஜில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில் எடுத்த முடிவு அது: முப்பத்து நாலு வருஷமாகச் சொல்லாத அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுவது. சொன்னேன். மேனேஜர் கிண்டல்தான் பண்ணினார் அங்கிள், நிஜமாகவே வரச் சொன்னார், எனக்கு அப்போதே தெரியும், அடிக்குப் பயந்து சொல்லவில்லை.

"அடப்பாவி, இதுக்கா போன் பண்ணின?" என்று சிரித்தார். பின்னால் ஏதோ பஸ் ஹாரன். "பத்து வயசுப் பையனைக் குத்தம் சொல்லி என்னடா ஆகப் போகுது? விடு." கொஞ்சம் யோசித்தார். "எனக்கு ஒண்ணுதான்டா புரியல. அந்தாள் அவ்வளவு நல்ல மனசோட இருந்தார்னா, திங்கக்கிழமை உங்கப்பன் போய் எனக்காக அவ்வளவு கெஞ்சினானே. அப்புறமும் ஏன் முடியாதுன்னார்?"

அப்பா அவரிடம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார். இத்தனை வருஷமும்.

எனக்கு வேண்டியது ஒரு சின்னப் பொய். கம்பெனியில் ஹையரிங் நிறுத்திவிட்டார்கள் அங்கிள். முடிந்தது. தினமும் நான் சொல்கிற பொய்களில் பாதியளவுகூட இல்லை. அது வரவில்லை. ஒரு ஜோக்கும் வரவில்லை.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் அங்கிள்."

"கெஞ்சினான் இல்ல?"

இன்னொரு ஹாரன் போயிற்று.

"சரிடா. வெச்சுடறேன்" என்றார்.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பது மணிக்கு அங்கிள் சேலத்திலிருந்து வீடியோ காலில் வருவார். வாரத்தில் அப்பா நன்றாகப் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான். அதற்காகவே ஷேவ் பண்ணிக்கொள்வார். டேய், போடா என்று இரண்டு கிழவர்களும் கத்துகிற சத்தத்தில் என் மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள்.

நேற்று ஞாயிறு. அப்பா ஷேவ் பண்ணிக்கொண்டு எட்டே முக்காலுக்கே ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் மேல் போன். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. ஒன்பதாயிற்று. ஒன்பதரை ஆயிற்று.

"ஏன் இன்னும் கூப்பிடல அவன்? இன்னைக்கு மேட்ச் வேற. வம்பு பண்ண முன்னாடியே கூப்பிட்டிருக்கணுமே."

"பவர் கட்டா இருக்கும்பா."

"அவன்கிட்ட இன்வெர்ட்டர் இருக்கே."

பத்து மணிக்கு அப்பாவே கூப்பிட்டார். அடித்துக்கொண்டே இருந்து நின்றுபோனது. சத்தம் முழுசாக வைத்திருக்கிறதா என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார்.

"இதுல ஏதாவது கெட்டுப்போயிருக்கா பாரு."

வாங்கிப் பார்த்தேன். இரண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், பார்க்கிற மாதிரி.

"எல்லாம் சரியாத்தான் இருக்குப்பா" என்றேன்.